உத்தரவு வந்தால்

விழுப்புரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி ஆண்டோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். ஊரில் அம்மாவும் சுகம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா, இல்லை இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அலைகிறாயா? உங்கள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு மறுபடியும் பேனா பிடிக்க வந்துவிட்டது. கல்லூரியில் பிள்ளைகள் 'மேடம் லெட்டரா எழுதுறீங்க?' என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

ஒரு சந்தோஷச் செய்தி. நான் விண்ணப்பித்திருந்த ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டது. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் கொடுக்கிறது, இரண்டு வருடம். வழிகாட்டி பேராசிரியர் சீனுவாசன். கறாரான ஆள் என்கிறார்கள். தலைப்பைச் சொன்னால் சிரிக்கக் கூடாது. அணுகுண்டை வைத்துக்கொண்டு 'எங்களைத் தொட்டால் போட்டுவிடுவோம்' என்று பயம் காட்டியே சண்டை வராமல் தடுக்கிறார்களே, அது அறமா, இல்லையா என்பதுதான் தலைப்பு.

போன ஞாயிறு பாசஞ்சர் பிடித்து ஒலக்கூரில் இறங்கி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், மடி நிறையக் கடலைத் தோல்.

"அணுன்னா கரண்டு எடுக்கறாங்களே, அதாடி?"

"இல்லம்மா, குண்டு."

"ஐயையோ, குண்டு போடவா உனக்குப் பணம் குடுக்கறாங்க?"

"போட்டுருவேன், போட்டுருவேன்னு மிரட்டிக்கினே போடாம இருக்கறது சரியா தப்பான்னு எழுதணும்மா."

"மிரட்டறது தப்புதான். இதைச் சொல்றதுக்கு ரெண்டு வருசமா?"

அப்படிச் சொன்னாலும் தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். உன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் இன்றைக்கும் 'மிலிட்டரியில கம்ப்யூட்டர் வேலை' என்கிறாள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. பொங்கலுக்கு நீ வர முடியாது என்று தெரியும். ஈஸ்டருக்காவது பார்.

அன்புடன்,
அக்கா ரோஸ்லின்

----

(இடம் எழுத அனுமதியில்லை)
2 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

தம்பி ஆண்டோ வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு அந்த முழங்கால் எண்ணெய் தீர்ந்திருக்கும், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடையில்தான் கிடைக்கும், மறக்காமல் வாங்கிக் கொடு.

ஃபெல்லோஷிப் கிடைத்தது பற்றிச் சந்தோஷம். ஆனால் அக்கா, வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? பெண் கல்வி, ஏரி ஆக்கிரமிப்பு என்று நம் ஊர்ப் பக்கமே எவ்வளவோ இருக்கிறது. முடிந்தால் மாற்றிவிடு. நீ எழுதினால் நன்றாகத்தான் எழுதுவாய். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

என்னைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சாப்பாடு பரவாயில்லை. தூக்கம்தான் சரியாக இல்லை. வேலை என்பது உட்கார்ந்திருப்பது. வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம். அது வராமல் போன ஒவ்வொரு நாளும் நல்ல நாள் என்று வைத்துக்கொள்.

நீ படித்தவள், ஒரு சந்தேகம் கேட்கிறேன். மாதம் ஒரு முறை ஊருக்குள் பூசைக்குப் போக விடுகிறார்கள். பாவத்தைச் சொல்லச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை. வேலையைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சாமியாரும் அந்த 'யாரிடமும்' என்பதில் அடக்கம். செய்யாத ஒன்றைச் செய்யத் தயாராக இருப்பது பாவமா? பாவம் என்றால், அதைச் சொல்லாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? நேரம் இருந்தால் எழுது. அவசரமில்லை.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

இப்படிக்கு அன்புத் தம்பி,
ஆண்டோ

----

விழுப்புரம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆண்டோவுக்கு,

அக்காவின் ஆசீர். இங்கே எல்லாரும் சுகம். எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போன பின்சுவரையும் ஆள் வைத்துப் பூசியாயிற்று. நீ தூங்குவதில்லை என்று எழுதியதுதான் மனதை அரிக்கிறது. வெயிலுக்கு முன்னாலேயே இளைத்துப் போகாதே.

உன் சந்தேகத்தை மூன்று தடவை படித்தேன். டவுன் பஸ்ஸில் ஒரு தடவை, வகுப்பு முடிந்து ஒரு தடவை, சமைக்காமல் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை. அம்மா சொல்வது போல அது வெறும் கம்ப்யூட்டர் வேலை இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என்னவென்று நான் கேட்கப் போவதில்லை.

நான் படிக்கும் புத்தகங்களிலும் உன் கேள்விதான் இருக்கிறது. ஒரு சாரார் சொல்கிறார்கள், மிரட்டுவதால் போர் நடக்காமல் இருக்கிறது, அதனால் மிரட்டல் நல்லது. இன்னொரு சாரார், கோடிப் பேரைக் கொல்வேன் என்று மனதார நினைத்தாலே பாவம் ஏறிவிட்டது என்கிறார்கள். மூன்றாவதாகச் சிலர், சும்மா மிரட்டிவிட்டு உள்ளுக்குள் செய்ய மாட்டேன் என்று வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிரட்டல் பலிக்க வேண்டுமானால் எதிரி நம்ப வேண்டும். எதிரி நம்ப வேண்டுமானால் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஆள் நிச்சயம் செய்வான் என்று எல்லாரும் நம்ப வேண்டும். எல்லாப் புத்தகங்களும் நாடு, அரசு, கொள்கை என்று பேசுகின்றன. அந்த ஆளிடம் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதனால் நான் கேட்கிறேன். ஆராய்ச்சிக்காக இல்லை, உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். உத்தரவு வந்தால் அப்படிப்பட்ட ஒருவன் செய்வானா? பதில் எழுத இஷ்டமில்லை என்றால் விட்டுவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தவக்காலத்தில் ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதே.

அன்புடன்,
அக்கா ரோஸ்லின்

----

23 மார்ச் 2025, ஞாயிறு

அக்காவுக்கு,

நலம். இதை எங்கள் தபால் பையில் போடவில்லை. பூசைக்கு வந்த இடத்தில், கோயிலுக்கு எதிர்ப்புறம் இருக்கும் பெட்டியில் போடுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடமும்.

நீ கேட்டதற்குப் பதில், செய்ய மாட்டேன்.

போன நவம்பரில் ஒரு நாள் உத்தரவுக் காகிதம் வந்தது. எங்கள் அறையில் இரண்டு பேர் இருப்போம், எட்டு மணி நேரம். ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்க வேண்டும், இருவரும் சேர்ந்தால்தான் எதுவும் நடக்கும். அன்று அவர் தன் பங்கைச் செய்தார். நான் என் பங்கைச் செய்தேன். யோசிக்கவே இல்லை, பழகிய கை. நாற்பது நிமிடம் கழித்து அதிகாரி வந்து அது பயிற்சி என்றார். எங்கள் வேகத்துக்காக எல்லாரும் கை தட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அந்த நாற்பது நிமிடமும் நான் ஓர் ஊரையே கொன்றவன், அக்கா. எனக்கு அது நடந்து முடிந்துவிட்டது. ஒரு தடவை செய்தவனுக்குத்தான் இனிமேல் செய்ய மாட்டேன் என்று இவ்வளவு உறுதியாகத் தெரியும்.

வேலையை விட்டுவிடு என்று நீ சொல்வாய். விட்டால் அந்த நாற்காலியில் வேறொருவன் வந்து உட்காருவான், அவன் செய்வான். நான் உட்கார்ந்திருக்கும் எட்டு மணி நேரத்துக்காவது அது நடக்காது. என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் என் மனது இன்னதென்று வெளியே தெரிந்துவிட்டால் அந்த எட்டு மணி நேரமும் போய்விடும், நானும் போய்விடுவேன். அதனால் தினமும் செய்யப் போகிறவன் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதியதும் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் ஆனதாக நினைத்துக்கொள்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

உன் தம்பி,
ஆண்டோ

----

விழுப்புரம்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆண்டோவுக்கு,

அக்காவின் ஆசீர். நாங்கள் சுகம். நீ சொல்லியிருந்த வேலையை அன்றைக்கே முடித்துவிட்டேன், கவலைப்படாதே. இனி அதைப் பற்றிப் பேச்சில்லை.

இங்கே வெயில் ஏறிவிட்டது. ஜங்ஷனிலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோவில் வருவதற்குள் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மல்லாட்டை இந்த வருடம் பரவாயில்லை என்கிறாள் அம்மா. உன்னை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் பயமாகவும் இருக்கிறது. தினமும் ஜெபமாலை சொல்கிறேன், எத்தனை வருடமாக விட்டிருந்தேன் என்று உனக்கே தெரியும்.

முதல் இரண்டு அத்தியாயங்களைச் சீனுவாசன் சாருக்கு அனுப்பிவிட்டேன். அவர் என்ன சொல்வாரோ என்று இருக்கிறது. ஈஸ்டருக்கு நான் ஊருக்குப் போகிறேன். உனக்கு லீவு கிடைக்காது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத் தூங்கு. ஒரு வரியாவது எழுது.

அன்புடன்,
அக்கா

----

சென்னை
28 ஏப்ரல் 2025

அன்புள்ள ரோஸ்லின் அவர்களுக்கு,

வணக்கம். நலம்தானே? எனக்கு ரத்த அழுத்தம் வழக்கம் போல. இதை மின்னஞ்சலில் எழுத வேண்டாம் என்று தோன்றியதால் தபாலில் எழுதுகிறேன்.

உங்கள் முதல் அத்தியாயம் நன்று. இரண்டாவதைப் படித்துவிட்டு நான் எழுந்து கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். 'பணியில் உள்ள ஒருவரின் கடிதம்' என்று இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறீர்கள். இத்துறையில் முப்பது வருடமாக இருக்கிறேன், இப்படி ஒன்றைப் படித்ததில்லை. உங்கள் ஆய்வுக்கே அதுதான் உயிர்.

அதனால்தான் கேட்கிறேன். பெயரை எடுத்துவிட்டீர்கள், சரி. ஆனால் அறையில் இரண்டு பேர், எட்டு மணி நேரம், நவம்பர், நாற்பது நிமிடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விவரம் தெரிந்தவர் கையில் இது கிடைத்தால் ஆளைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். அவருடைய சம்மதம் உங்களிடம் இருக்கிறதா? மூலக் கடிதம் எங்கே? அதை நீங்கள் பார்த்து நோட்டில் எழுதி வைத்த பிரதி மட்டும் இருப்பதாக அடிக்குறிப்பில் சொல்கிறீர்கள்.

எல்லையில் சூழ்நிலை எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். நான் நிறுத்தி வைக்கலாம் என்று நினைப்பதற்குள் அலுவலகத்தில் வழக்கப்படி மதிப்பீட்டாளர்கள் இருவருக்கும் பிரதி அனுப்பிவிட்டார்கள். உடனே பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
சீனுவாசன்

----

இயேசு மரி சூசை

19 மே 2025

என் அன்பு மகன் ஆண்டோவுக்கு அம்மா சூசை மேரி எழுதிக்கொள்வது. நான் சொகம். நீ சொகமா இருக்கணும்னு தினம் மாதாவை வேண்டிக்கினு இருக்கேன். ஏன்டா ரெண்டு மாசமா ஒரு கடிதாசும் இல்ல, போனும் இல்ல?

சண்டை நடந்த அந்த நாலு நாளும் நான் டிவி முன்னால இருந்து எழுந்திருக்கல. அக்கா வேற விழுப்புரத்துலயே இருந்துட்டா, போன்ல பேசினா அழுவறா, காரணம் சொல்ல மாட்டேங்கறா. ஆனா எனக்கு உன் விசயம் தெரியும்டா. ஈஸ்டருக்கு வந்தப்ப அவ குளிக்கப் போனா, நான் அவ நோட்டை எடுத்துப் பாத்தேன். நீ எழுதினதை அவ கையால அப்படியே எழுதி வச்சிருந்தா. எட்டாவது படிச்சவ நான், எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். படிச்சிட்டு பெத்த வயிறு குளுந்து போச்சு. நீ செய்ய மாட்டேன்னு எழுதியிருந்தியே, அந்த ஒரு வார்த்தை போதும்டா எனக்கு.

சண்டை நின்னதும் மறுநாள் ஞாயித்துக்கெழம. உனக்காக எல்லாரும் வேண்டிக்கச் சொல்லி பூசைக் கருத்து குடுத்தேன். மத்தவங்க மாதிரி பரீட்சையில பாஸாவணும், கல்யாணம் கூடணும்னு குடுக்காம விவரமா எழுதிக் குடுத்தேன். 'கோடி சனத்தைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தாலும் செய்ய மாட்டேன்னு முடிவெடுத்த என் மகன் ஆண்டோ, அந்த முடிவுல கடைசி வரைக்கும் நெலச்சி நிக்க.' உபதேசியார் லூர்துநாதன் பூசைக்கு முன்னால மைக்குல ஒரு எழுத்து விடாம படிச்சாரு. கோயிலே திரும்பி என்னைப் பாத்தது. இப்ப பூசையை போன்ல லைவா காட்டறாங்களே, துபாய்ல இருக்கற நம்ம சனங்க கூடப் பாத்துட்டு போன் பண்ணாங்க.

முந்தாநாள் ரெண்டு பேர் காருல வந்தாங்க. வேங்கடேசன்னு ஒருத்தரு, கூட ஒரு பிள்ள. ரொம்ப மரியாதையானவங்க. செருப்பை வெளிய விட்டுட்டுதான் உள்ள வந்தாங்க. மோர் குடுத்தேன். "உங்க பையன் மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம்மா. அவரு அப்படி முடிவெடுத்தது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"ன்னு கேட்டாங்க. அக்கா நோட்டுல பாத்தேன்னு சொன்னேன். நீ சின்னதுலேர்ந்து எடுத்த போட்டோ, எனக்கு எழுதின கடிதாசு எல்லாம் கேட்டாங்க. பொட்டியோட குடுத்தேன். திருப்பிக் கொண்டாந்து தர்றேன்னு சொல்லியிருக்காங்க. உனக்கு ஏதோ மெடல் குடுக்கப் போறாங்கன்னு நெனைக்கறேன்.

ஒடம்பைப் பாத்துக்க. கேப்பைக் கூழு கெடைச்சா குடி.

உன் அம்மா
சூசை மேரி

----

விழுப்புரம்
27 மே 2025

அன்புள்ள ஆண்டோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம், அம்மா சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய மன்னிப்பு.

என் ஆய்வுக்காக ஒரு கடிதத்தை நானே எழுதினேன். பணியில் இருக்கும் ஒருவன் உத்தரவு வந்தாலும் செய்ய மாட்டேன் என்று தன் அக்காவுக்கு எழுதுவது போல. உண்மையான சாட்சி கிடைக்கவில்லை, வழிகாட்டியிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அதை உண்மைக் கடிதம் என்று சொல்லி நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டேன். அறை, ஆள், நேரம் எல்லாம் என் கற்பனை. ஏதாவது ஒன்றிரண்டு நிஜத்தோடு பொருந்திப் போயிருந்தால் அது தற்செயல். அம்மா அந்த நோட்டைப் பார்த்து நீ எழுதியது என்று நினைத்துக்கொண்டு பூசைக் கருத்து கொடுத்துவிட்டாள். எட்டாவது படித்தவள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

வேங்கடேசன் என்பவர் வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு வந்திருந்தார். தன்மையானவர். துறை அறையில் எல்லார் முன்பும் டீ குடித்துவிட்டு, பிறகு தனியாக இரண்டு மணி நேரம் பேசினார். மேலே எழுதியதை அப்படியே நான்கு பக்கம் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நோட்டையும் கொடுத்துவிட்டேன். அதில் எல்லாமே என் கையெழுத்துதான். அந்தக் கடிதம் உன் கையெழுத்தில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை, இருக்க வழியும் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு நீ எனக்கு எழுதவே இல்லையே.

உனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி உன்னை யாராவது கேட்டால் தெரியாது என்பதைத் தவிர நீ என்ன சொல்ல முடியும்? உன் அக்கா படித்த படிப்புக்கு இப்படி ஒரு காரியம் செய்தாள் என்று என்மேல் ஆத்திரப்படு. ஆத்திரப்பட்டு ஒரு கடிதம் எழுது. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அக்கா ரோஸ்லின்

----

சென்னை
20 ஜூன் 2025

அன்புள்ள ரோஸ்லின் அவர்களுக்கு,

வணக்கம். உடல்நலம் எப்படி? தூங்குகிறீர்களா?

உங்கள் விலகல் கடிதம் குழுவில் வைக்கப்பட்டது. சான்றை இட்டுக்கட்டியதாக நீங்களே ஒப்புக்கொண்டதால் ஃபெல்லோஷிப்பை ரத்து செய்துவிட்டார்கள். உங்கள் கல்லூரிக்கும் தகவல் போகும். அதைத் தடுக்க முயன்றேன், முடியவில்லை. இனி எந்த நிறுவனத்திலும் உங்களை ஆய்வு செய்ய விட மாட்டார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை.

முப்பது வருடமாக மாணவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன். எது இட்டுக்கட்டியது, எது இல்லை என்று எனக்குத் தெரியும். கழிவறையில் வாந்தி எடுத்த அந்த இடத்தை நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து யாரும் எழுத முடியாது. ஆனாலும் நீங்கள் சொன்னதையே உண்மை என்று நானும் குழுவில் கையெழுத்திட்டேன். உங்களுக்கு அதுதான் வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

ஏப்ரலில் நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. அவருடைய சம்மதத்தைப் பற்றிக் கேட்டது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்தும் என்று தெரிவதால் மேலே எழுதவில்லை. கடிதத்தைப் படித்தவுடன் பிரதி போகாமல் நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் பங்கும் இதில் இருக்கிறது.

நல்லது நடக்கட்டும்.

சீனுவாசன்

----

(இடம் எழுத அனுமதியில்லை)
10 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

தம்பி ஆண்டோ வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். உறையில் படித்துப் பார்த்த முத்திரை இருப்பதைக் கண்டு பயப்படாதே, இப்போது என் கடிதங்கள் அப்படித்தான் வரும். நானே ஒட்டாமல்தான் கொடுக்கிறேன், அவர்களுக்கும் வேலை மிச்சம்.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். மே மாதக் கடைசியிலிருந்து என்னை வேறோர் இடத்தில் வைத்திருந்தார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வேளையும் சூடான சாப்பாடு. மேசையில் உன் கடிதம், அம்மாவின் கடிதம், நீ எழுதிக் கொடுத்த நான்கு பக்கம், உன் நோட்டு, பூசை லைவ் போன கைபேசிப் படம் எல்லாம் இருந்தன. உன் மே மாதக் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டினார்கள். அந்தக் கற்பனைக் கடிதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். உண்மையும் அதுதானே.

பிறகு ஒரே கேள்வியைப் பதினோரு நாள் கேட்டார்கள். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், சாயங்காலம் டாக்டர். உத்தரவு வந்தால் செய்வாயா? முதல் நாள் பதில் சொல்வதற்கு முன் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். நாலாம் நாள் பதில் வந்தது. பதினோராம் நாள் அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வந்து தோளில் தட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எனக்கு நல்ல தூக்கம். எட்டு மணி நேரம் அசையாமல் தூங்குகிறேன். நவம்பரிலிருந்து தூக்கமில்லாமல் இருந்தவனா இவன் என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

போன வாரம் பழைய இடத்திலேயே மறுபடியும் உட்கார வைத்துவிட்டார்கள். அதிகாரி உன்னைப் பாராட்டினார். "அந்தக் கடிதம் உன்னுடையதாக இருந்திருந்தால் உன்னை வேலையிலிருந்து நீக்கி அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். மனது சரியில்லாதவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? உன் அக்கா நேர்மையாக ஒத்துக்கொண்டதால் நீ பிழைத்தாய்" என்றார். உன் ஃபெல்லோஷிப் போனது அவருக்கும் வருத்தம்தான்.

அம்மாவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா? எனக்காக இனி பூசைக் கருத்து எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல். அடுத்த வருடம் வரை லீவு கிடையாது. நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, பிப்ரவரியில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன்.

செய்வேன்.

இப்படிக்கு அன்புத் தம்பி,
ஆண்டோ